இமையாக் கருப்பன் தூங்கிய நூற்றிருபது நாள்

கூடலாம்பட்டியின் காவல் தெய்வம் இமையாக் கருப்பன் தூங்கிப்போனது ஒரு பங்குனி மாதத்து மூன்றாவது வெள்ளிக்கிழமை, வெயில் மண்டையைப் பிளக்கிற உச்சிப்பொழுதில்தான். ஊர்ச்சனம் அத்தனையும் சுற்றி நின்று கண்ணால் பார்த்த சங்கதி என்பதால் அதில் பொய் கலக்க வழியே இல்லை. நம்பாதவர்கள் இன்றைக்கும் வத்தலக்குண்டு போகிற மினி பஸ்ஸில் பின்வாசலில் ஏறி, கண்டக்டர் நிற்கிற இடத்தில் தரைத் தகடு இரண்டு பாதம் அளவுக்குப் பள்ளமாகிக் கிடப்பதைக் குனிந்து பார்த்துக்கொள்ளலாம், அதற்குத் தனி டிக்கெட் இல்லை. தூங்க வைத்தது பஞ்சவர்ணம். வேண்டுமென்று செய்யவில்லை, பாவம்.

பஞ்சவர்ணம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ‘வர்ணம் அழகு நிலையம்’ வைத்திருந்தாள். மதுரைக்குப் போய் ஒரு மாதம் நறுமண சிகிச்சை படித்து, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழோடும் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் குட்டிக் குட்டிச் சீசாக்களோடும் திரும்பி வந்தவள், பெயிண்டரை ஏணியில் ஏற்றி ‘நறுமண சிகிச்சையும் உண்டு’ என்று போர்டில் ஒரு வரி சேர்த்தாள். அத்தனை சீசாவிலும் அவளுக்கு உசிரானது சீமைச் சாமந்தி. நம்மூர்ச் சாமந்தியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் குறுக்கி, இதழை வெள்ளையாகவும் நடுவை மஞ்சளாகவும் வைத்தால் எப்படியோ அப்படி ஒரு பூ. கொடைக்கானல் மலையில் ஒரு தோட்டக்காரர் காயவைத்து மூட்டை கட்டி அனுப்புவார். மோந்து பார்த்தால் பாதி ஆப்பிள், பாதி வைக்கோல். வெந்நீரில் போட்டு மூடி வைத்தால் தண்ணீர் மஞ்சளாகிவிடும், ஆனால் அதே பூவிலிருந்து இறக்கின தைலம், என்ன கூத்தோ, மயில் கழுத்து நீலத்தில் இருக்கும்.

தூக்கம் வராதவர்களுக்கு அதில் ஒரு தம்ளர், வயிறு உப்பிக் கிடப்பவர்களுக்கு அரைத் தம்ளர், கண் எரிந்தால் ஆறவைத்த சாற்றில் துணி நனைத்து மேலே போட்டுக்கொள்ள, ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்க, தலைவலிக்குத் தேங்காயெண்ணெயில் மூன்று சொட்டு கலந்து பொட்டில் தேய்க்க, கால் கடுப்புக்கு வாளி வெந்நீரில் கால் முக்கி உட்கார என்று பஞ்சவர்ணம் வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தாள். ஊர் சட்டை பண்ணவில்லை. “பூவத் தலையில வைப்பாக, சாமிக்குப் போடுவாக, கொதிக்க வச்சுக் குடிப்பாகளா? மதுரைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து வர்ணத்துக்குக் கூறு கெட்டுப்போச்சு” என்று சொல்லிவிட்டு, புருவத்தை மட்டும் திருத்திக்கொண்டு போய்விடுவார்கள்.

அவள் புருஷன் சோலைராசு அந்த மினி பஸ்ஸில் கண்டக்டர். ஆள் ஒல்லி, சிரிப்பு மட்டும் கனம். பஸ் புளியமரத்து வளைவு திரும்புவதற்கு முன்னாலேயே அவன் சிரிப்பு ஊருக்குள் வந்து சேர்ந்துவிடும், அதைக் கேட்ட பிறகுதான் சனங்கள் பையை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புவார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்ற பஞ்சவர்ணம், மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமலே, முன்கூடத்திலிருந்து வந்த அந்தச் சிரிப்பை மட்டும் கேட்டுவிட்டுத்தான் சரி என்று தலையாட்டினாள். வருஷத்தில் ஒரு நாள் அந்த ஒல்லி உடம்பில்தான் கருப்பன் இறங்குவார்.

கருப்பனுக்குக் கண்ணிமை கிடையாது. எல்லையோரம் வெட்டவெளியில் ஒரு கல், கல்லில் மையால் எழுதின இரண்டு முட்டைக் கண், அவ்வளவுதான் கோயில். நானூறு வருஷமாக அந்தக் கண் ஒரு பொட்டு மூடினதில்லை என்பது ஊர் அறிந்த விஷயம், அந்தத் தைரியத்தில் கூடலாம்பட்டியில் எவரும் பூட்டு வாங்கினதில்லை. கோயில் கமிட்டித் தலைவர் அழகுமலை ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். அங்கே சிமெண்ட் கிடைக்கும், கம்பி கிடைக்கும், ஆணியில் நாற்பது ரகம் கிடைக்கும், பூட்டு மட்டும் கிடைக்காது.

அந்தப் பங்குனியில் காப்புக் கட்டி எட்டு நாளாகச் சோலைராசு கண் மூடவில்லை, ஏனென்றால் கமிட்டிக்காரர்கள் குழாய் ரேடியோவை அவன் வீட்டுக் கம்பத்தில்தான் கட்டியிருந்தார்கள். தொண்டை கட்டி, கண் சிவந்து, நடக்கும்போதே தள்ளாடினான். பஞ்சவர்ணத்துக்கு வயிறெரிந்தது. திருவிழா நாளில் வீட்டுக்கு ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் கொண்டுபோய்ச் சாமியாடி தலையில் ஊற்றிச் சாமியைக் குளிர வைப்பது அந்த ஊர் வழக்கம், சாமியாடி பெண்சாதியின் குடம்தான் கடைசிக் குடம். காலையில் மஞ்சள் டப்பாவைத் திறந்தால் காலி. முந்தினநாள் ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்தில் கடைசித் தூளையும் அப்பியிருந்தாள். கடை அடைப்பு. பக்கத்து வீட்டில் கேட்கலாம்தான், ஆனால் சாமியாடி வீட்டிலேயே மஞ்சள் இல்லை என்று தெரிந்தால் ஊர் வாயை எதைக் கொண்டு மூடுவது?

மஞ்சளாக இருந்தால் சரிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மூட்டையிலிருந்து சீமைச் சாமந்தியை மூன்று கை அள்ளி அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தாள். ஆறினதும் குடத்தில் வடிகட்டி, வாசனைக்காக நீலத் தைலச் சீசாவைத் திறந்தாள். மூன்று சொட்டுக்கு மேல் ஆகாது என்று படித்தவள்தான், பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினவள்தான். ஆனாலும் மனுசனுக்கே மூன்று என்றால் சாமிக்கு அதே மூன்றை விட்டால் மரியாதையாக இருக்குமா என்று தோன்றிவிட்டது. முப்பது விட்டாள். கை தாராளமாகி இன்னும் ஒன்று விழுந்தது, முப்பத்தொன்று.

பம்பையும் உறுமியும் ஏற ஏற, சோலைராசு அரிவாளைத் தொட்டதும் கருப்பன் இறங்கினார். வருஷா வருஷம் போலவே கண் இரண்டும் பிதுங்க ஊரை மூன்று சுற்று ஓடினார், தப்புப் பண்ணினவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கிழித்தார், நூற்றுப் பத்து வீட்டுக் குடமும் தலையில் விழ விழக் குளிராமல் கொதித்தார். கடைசியில் அரிவாளை அழகுமலையின் நெஞ்சுக்கு நேரே நீட்டி, “அடேய் அழகுமலை! உன் வீட்டுக் கொல்லையில…” என்று அவர் ஆரம்பித்த நேரத்துக்குச் சரியாகப் பஞ்சவர்ணத்தின் குடம் அவர் உச்சந்தலையில் கவிழ்ந்தது.

கருப்பன் நின்றார். மூக்கை உறிஞ்சினார். இன்னொரு தரம் உறிஞ்சினார். பிறகு ஒரு கொட்டாவி விட்டார் பாருங்கள், முன்வரிசையில் நின்ற நாற்பது பேருக்கு அது தொற்றிக்கொண்டது. அரிவாளைப் பக்குவமாகத் தரையில் வைத்து, அதன்மேல் துண்டை மடித்துப் போட்டு, அதில் தலையைச் சாய்த்து, முழங்காலை மடக்கிப் படுத்துவிட்டார்.

“சாமி மலையேறிருச்சா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“இல்லப்பா. படுத்திருச்சு” என்றார் பம்பைக்காரர்.

கொட்டு அடித்துப் பார்த்தார்கள், சூடம் காட்டிப் பார்த்தார்கள், பெண்கள் தொண்டை வறளக் குலவை போட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்குச் சோலைராசு தானாக எழுந்து உட்கார்ந்து, “பசிக்குது வர்ணம், என்ன இருக்கு?” என்றான். கண் சாதாரணக் கண்ணாக இருந்தது. ஆனால் அவன் வாயை மூடியிருக்கும்போதே அவன் நெஞ்சுக்குள்ளிருந்து, மாவரைக்கிற இயந்திரம் பக்கத்துத் தெருவில் ஓடுவது மாதிரி ஒரு குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது. அழகுமலை முதலில் காது வைத்தார், பிறகு கமிட்டி காது வைத்தது, பிறகு வரிசையில் நின்று ஊரே காது வைத்தது. சோலைராசு எழுந்துவிட்டான், உள்ளே கருப்பன் எழவில்லை. சாமி மலையேறாமல் ஆளுக்குள்ளேயே அசந்துவிட்டது.

இப்படி ஆனால் என்ன செய்வது என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருக்கவில்லை, அதனால் ஊர் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. தூங்குகிறவரைத் தட்டி எழுப்பினால் யாருக்குத்தான் கோபம் வராது, அதிலும் நானூறு வருஷத் தூக்கத்தைக் கெடுத்தால் அந்தக் கோபத்தை யார் தாங்குவது என்று பேசி முடிவெடுத்து, அன்று முதல் கூடலாம்பட்டி குசுகுசுவென்று பேச ஆரம்பித்தது. சேவல்களைக் கூடையில் போட்டு வெளியூர்ச் சம்பந்தி வீடுகளுக்கு அனுப்பிவைத்தார்கள். குழாயடியில் சண்டை நின்றபாடில்லை, ஆனால் சைகையில் நடந்தது. ஒருத்தி இடுப்பில் கை வைத்து முறைப்பாள், மற்றவள் குடத்தைக் கீழே வைத்துக் கையை விரித்து அவள் பரம்பரையையே காற்றில் எழுதிக் காட்டுவாள், நியாயம் யார் பக்கம் என்று பார்க்கிறவர்களுக்கு முன்னைவிடத் தெளிவாகப் புரிந்தது. ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் என்று ஐயர் உதட்டை மட்டும் அசைக்க, மேளக்காரர்கள் தவிலைத் தொடாமல் விரலை ஆட்ட, தாலி ஏறியது. மாப்பிள்ளை மட்டும் தாலி கட்டியாயிற்றா என்று இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மினி பஸ் ஹாரனைக் கழற்றிவிட்டது. சோலைராசு விசிலைப் பையில் போட்டுக்கொண்டு, நிறுத்த ஒரு தரமும் போக இரண்டு தரமும் கைக்குட்டையை ஆட்டினான். அவன் நெஞ்சிலிருந்து வரும் குறட்டையில் என்ன இருந்ததோ, ஏறி உட்கார்ந்த மூன்றாவது நிமிஷத்தில் பிரயாணிகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துவிடுவார்கள். வத்தலக்குண்டு போகவேண்டியவர்கள் வத்தலக்குண்டு போய், தூக்கம் கலையாமல் கூடலாம்பட்டிக்கே திரும்பி வந்து, மறுபடி வத்தலக்குண்டு போய், மூன்றாவது நடையில் முகம் தெளிந்து இறங்குவார்கள். ஒருத்தர்கூட நேரமாகிவிட்டது என்று கோபித்துக்கொண்டதில்லை. டிரைவர் மொக்கைச்சாமி மட்டும் வாய்க்குள் பச்சைமிளகாயை அடக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் ஊற்ற ஊற்ற வண்டி ஓட்டினார்.

சோலைராசுவின் தங்கச்சி முத்திருளாயி, பிறந்ததிலிருந்து அழுகையை நிறுத்தாத தன் ஏழு மாதப் பிள்ளையைக் கொண்டுவந்து அண்ணன் நெஞ்சோடு சாய்த்தாள். பிள்ளை ஒரு விக்கல் விக்கிவிட்டுத் தூங்கியது. “மதினி, உனக்கும் உன் பூவுக்கும் கோயில் கட்டிக் கும்பிடணும்” என்று அவள் பஞ்சவர்ணத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அங்கேயே பெஞ்சியில் படுத்து, சாயங்காலம் வரை எழவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, பஞ்சவர்ணத்தை ஊர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சாமியையே சாய்த்த பூ என்று பெயர் பரவ, நிலக்கோட்டையிலிருந்தும் பெரியகுளத்திலிருந்தும் ஆட்கள் வேன் பிடித்து வந்தார்கள். “கருப்பனுக்குக் குடுத்த அதையே குடும்மா, ஆனா முப்பது சொட்டு வேணாம், எங்க வீட்டுக்காரர் திங்கக்கெழம வேலைக்குப் போகணும்” என்று பக்குவமாகக் கேட்டு வாங்கினார்கள். தலையணைக்குள் வைக்கப் பூப்பொட்டலம் கேட்டார்கள், மருமகள் மாமியாருக்குப் பாத வெந்நீருக்குக் கேட்டாள், மாமியார் மருமகளின் வயிற்றுவலிக்குக் கேட்டாள், இருவரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வந்து வாங்கிப் போனார்கள். சுக்கும் ஓமமும் இருக்கிற டப்பா வரிசையில் எல்லா வீட்டிலும் இன்னொரு டப்பா சேர்ந்தது.

இவ்வளவு பேருக்குத் தூக்கம் விற்ற பஞ்சவர்ணம் தூங்கவில்லை. காவல் காக்கிற சாமி தூங்கிவிட்டது, பூட்டில்லாத ஊர், தூங்க வைத்ததோ இவள் கை. அப்படியிருக்க எப்படிக் கண்ணை மூடுவது? கருப்பனின் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரிகளையெல்லாம் வாசலில் உட்கார்ந்து கழித்தாள், விடிந்ததும் முகம் கழுவிக் கடையைத் திறந்தாள். தன் பூவைத் தானே போட்டு இரண்டு தம்ளர் குடித்துப் பார்த்தாள், மூன்று குடித்துப் பார்த்தாள். வயிறு நன்றாகச் செரித்தது, மற்றபடி ஒன்றுமில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது, அதை மறைக்க அவளிடமே க்ரீம் இருந்தது, அதனால் ஊர் கவனிக்கவில்லை.

ஆனால் அவளைக் குடைந்தது தூக்கம் கெட்டது அல்ல. சோலைராசு கனத்துக்கொண்டு வந்தான். சித்திரையில் கட்டில் கயிறு அறுந்தது. கயிறு பழசு என்று நினைத்தாள். வைகாசியில் பஸ் பின்பக்கமாகச் சாய்ந்து ஓட ஆரம்பித்தது, முன்சக்கரம் ரோட்டைத் தொடுகிறதா என்று மொக்கைச்சாமி இறங்கி இறங்கிப் பார்த்தார். அரிசி ஆலைத் தராசில் நிறுத்தினால், அறுபத்திரண்டு கிலோ ஆள் நூற்றுத் தொண்ணூறு காட்டினான். சாப்பாடோ பாதி இட்லியில் நின்றது. வத்தலக்குண்டு டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, “எல்லாம் நார்மல், கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க” என்றார். நடந்தால் தார் ரோட்டில் பாதம் பதிந்தது. ஆனியில் அவன் தோளைத் தொட்ட பஞ்சவர்ணம் கையை இழுத்துக்கொண்டாள், தோல் அம்மிக்கல் மாதிரிச் சில்லென்று சொரசொரத்தது. எல்லாவற்றையும் விட, அவன் சிரித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முதலில் சாமி முழித்துக்கொள்ளுமே என்று அடக்கினான், பிறகு அடக்குவதற்கு ஒன்றும் வரவில்லை.

“ஏங்க, எதாச்சும் வேடிக்கையா நெனச்சுப் பாருங்களேன்” என்றாள் அவன் காதோரம்.

சோலைராசு யோசித்தான். “மொக்கை அன்னைக்கு மாலை வாங்குறேன்னு டயர் வாங்கிட்டு வந்தாரே” என்றான். முகம் அசையவில்லை. பஞ்சவர்ணம் கொல்லைப் பக்கம் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

ஆடி பிறந்ததும் அழகுமலை ஊர்க்கூட்டம் போட்டார். கூட்டம் முழுக்க முழுக்கக் குசுகுசுப்பில் நடந்ததால், பின்வரிசைக்குத் தகவல் வாய் வாயாகப் போய்ச் சேர்ந்து, பதிலும் அதே வழியில் திரும்பி வர வேண்டியிருந்தது. அழகுமலை சொன்னதன் சாராம்சம் இது: நானூறு வருஷமாக ஒரு சிலைக்கு வக்கில்லாத ஊர், இப்போது கருப்பனே ஒரு ஆளாக நின்று தானாகக் கல்லாகிக்கொண்டிருக்கிறார், இதைவிடப் பாக்கியம் உண்டா? முழுக்கக் கல்லாகிவிட்டால் தூக்கி வைக்கக் கிரேன்தான் வர வேண்டும், இப்போதே சோலைராசு தன் காலால் நடந்து வந்து பீடத்தில் நின்றுகொண்டால் செலவும் மிச்சம், சிரமமும் மிச்சம். சிமெண்ட் அவர் உபயம். ஆடி இரண்டாம் வெள்ளி உச்சிப்பொழுது பிரதிஷ்டை, முழங்கால் வரை கான்கிரீட்.

ஊர் பூரித்துப்போனது. கிழக்கே பார்த்து நிறுத்துவதா, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நிறுத்துவதா என்பதில்தான் ஒரு மணி நேரம் தகராறு ஓடியது.

அழகுமலைக்கு ஏன் இத்தனை அவசரம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. “உன் வீட்டுக் கொல்லையில” என்று கருப்பன் பாதியில் விட்ட வாக்கு அன்றிலிருந்து அவர் வயிற்றில் கல்லாக உட்கார்ந்திருந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் அவர் கொல்லைச் சுவரை, கருப்பன் பொட்டலுக்குள் இரண்டடி தள்ளிக் கட்டியிருந்தார். கருப்பன் முழிக்கவே கூடாது, முழித்தாலும் வாய் வரைக்கும் கான்கிரீட் இருந்தால் நல்லது என்று அவர் மனதுக்குள் ஒரு வரைபடமே இருந்தது.

பஞ்சவர்ணம் கூட்டத்தின் நடுவே எழுந்தாள். “அண்ணே, அது சிலையில்ல, எம் புருசன்” என்றாள். குசுகுசுப்பில்தான் சொன்னாள், இருந்தாலும் பின்வரிசைக்கே கேட்டது.

“யாரு இல்லேன்னா தாயி? உம் புருசனை ஊரே கும்பிடப் போகுது. எந்தப் பொம்பளைக்குக் கெடைக்கும் இந்தக் குடுப்பினை?” என்றார் அழகுமலை.

“ஒங்க வீட்டு மதினிக்கு அந்தக் குடுப்பினையைக் குடுங்களேன். நீங்க போயி நில்லுங்க.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு பாதிப் பேர் குனிந்தார்கள். சோலைராசு மட்டும் கனத்த தலையை மெல்ல நிமிர்த்தி, “ஊருக்கு நல்லதுன்னா நின்னுட்டுப் போறேன் வர்ணம், எனக்கும் நடக்க முடியல” என்றான்.

மிச்சமிருந்த பன்னிரண்டு நாளில் அவள் படித்த படிப்பு முழுவதையும் அவன்மேல் கொட்டினாள். புத்தியைத் தட்டி எழுப்பும் என்று யூகலிப்டஸ் தைலம் தடவினாள், புதினாவைக் கசக்கி மூக்கில் வைத்தாள், இஞ்சிப் பற்றுப் போட்டாள், சுருட்டைப் பற்றவைத்து நெஞ்சில் ஊதினாள், வெங்காயத்தை நறுக்கி நறுக்கித் தானே அழுதாள். குறட்டை ஒரு மாத்திரை குறையவில்லை.

ஆடி இரண்டாம் வெள்ளி வந்தது. எல்லையில் பீடம் தயார். நான்கு கொத்தனார்கள் சிமெண்டைக் குழைத்துக்கொண்டிருந்தார்கள், கரண்டிச் சத்தம் கேட்காமலிருக்க அதில் துணி சுற்றியிருந்தது. சோலைராசு புது வேட்டி கட்டி, மாலை போட்டு, ஒரு அடிக்கு ஒரு அடி மண் அமுங்க நடந்து வந்து பீடத்தில் ஏறினான். பீடம் முனகியது. மேளக்காரர்கள் வாத்தியத்தைத் தொடாமல் விரலை ஆட்டினார்கள், பெண்கள் நாக்கை மட்டும் அசைத்துச் சத்தமில்லாத குலவை போட்டார்கள். அழகுமலை முதல் சட்டிச் சிமெண்டைக் கையில் வாங்கினார்.

அப்போது பஞ்சவர்ணம் அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து வந்தாள். நூற்றிருபது நாளாக அந்த ஊர் கேட்காத பெரிய குரலில் பேசினாள்.

“ஏ கருப்பா!”

கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது. நெஞ்சுக்குள் குறட்டை நிற்கவில்லை.

“தெரியாமத்தான் ஊத்துனேன், ஒத்துக்கிறேன். நீ அசந்து தூங்குனதுல எனக்கு வருத்தமில்ல, நானூறு வருசமா நீயும்தான் எத்தனை பேரு குத்தத்தப் பார்ப்ப. ஆனா இந்த நூத்திருவது நாளும் ஒன் வேலையை நான்ல பார்த்துக்கிட்டிருக்கேன்? ஒரு பொட்டுக் கண்ண மூடியிருப்பனா? எல்லாருக்கும் தலைவலிக்கு மருந்து குடுத்தனே, ‘ஒனக்கு எப்படித்தா இருக்கு’ன்னு ஒருத்தராச்சும் கேட்டாகளா? நீயாச்சும் கேட்டியா? போதும் சாமி. என்னால முடியல. இந்தா ஒன் அருவா, இந்தா ஒன் ஊரு.”

அரிவாளைச் சோலைராசுவின் கையில் திணித்தாள். பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தாள், மூடியில் சீமைச் சாமந்தித் தண்ணீரை ஊற்றினாள், ஊர் அத்தனையும் பார்க்க, சூடு ஆற ஊதி ஊதி, அவசரமில்லாமல் குடித்தாள். “தங்கச்சி, நல்ல நேரம் போயிட்டிருக்கு, கொஞ்சம் தள்ளிக்கோ, சிமெண்ட் இறுகிரும்” என்று அழகுமலை காதருகே கெஞ்சினார். அவள் மூடியைத் திருகிவிட்டு, பீடத்தின் மேலேயே, புருஷன் காலடியில், அவன் கணுக்காலில் தலை வைத்துப் படுத்தாள். சீமைச் சாமந்தி வாசம் அவன் வேட்டியில் இருந்தது, அவள் முந்தானையில் இருந்தது. இரண்டு கொட்டாவி விட்டாள், மூன்றாவதில் கண் மூடியது.

இனி நடந்தது எதையும் அவள் பார்க்கவில்லை, ஊர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அவள் இமை ஒட்டின அந்த நொடியில் குறட்டை நின்றது. கூடலாம்பட்டியில் முழித்துக் காவல் இருக்க ஒரு சீவனும் இல்லாமல் போன முதல் நொடி அது, காவல்காரனுக்கு அது தெரியாமல் இருக்குமா? சோலைராசுவின் கண் இரண்டும் பிதுங்கித் திறந்தன. “...கொல்லையில” என்று கருப்பன் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்த குரலில் சிமெண்ட் சட்டி நான்கும் கவிழ்ந்தன.

அழகுமலை தடாலென்று காலில் விழுந்தார். “ரெண்டடிதான் சாமி! ரெண்டே ரெண்டு அடி! நாளைக்கே இடிச்சுத் தள்ளிடுறேன், என் புத்தியை எதைக்கொண்டு அடிக்க!”

கருப்பன் அவரைக் குனிந்து பார்த்தார். “என்னடா ரெண்டடி? உன் வீட்டுக் கொல்லையில முருங்கை நல்லாக் காய்ச்சிருக்கே, பொங்கலுக்கு ரெண்டு காய் அனுப்பக் கூடாதான்னு கேக்க வந்தேன்.”

நூற்றிருபது நாளாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பை ஊர் அப்போது சிரித்தது. பம்பையும் உறுமியும் தானாக ஏறின, மொக்கைச்சாமி ஹாரனைக் கையிலேயே எடுத்துவந்து அமுக்கினார், முத்திருளாயியின் பிள்ளை வீரிட்டது, பெண்களின் குலவை வத்தலக்குண்டு வரை கேட்டிருக்கும். அந்த அமளியில் ஒருத்தி பதறி, “ஏத்தா வர்ணம், எந்திரி, சாமி முழிச்சிருச்சு” என்று அவள் தோளைத் தொடப் போனாள்.

கருப்பன் அரிவாளை நீட்டி மறித்தார். “எவளாச்சும் எழுப்புனீங்க, தொலைச்சுப்பிடுவேன்” என்றார். பிறகு உட்கார்ந்து, அவள் முகத்தில் விழுந்த வெயிலை உள்ளங்கையால் மறைத்தபடி, ஊர் அதுவரை கேட்டிராத மெல்லிய குரலில் சொன்னார்: “நீ தூங்குத்தா. நான் முழிச்சிருக்கேன்.”

சொல்லிவிட்டு, மலையேறுவதற்கு முன்னால் ஊரைப் பார்த்து ஒரு வாக்கு விட்டார். வருஷத்துக்கு ஒரு தரம் அந்தக் கடைசிக் குடம் எனக்கு வேண்டும், மூன்று சொட்டுப் போதும், முப்பத்தொன்று வேண்டாம், ஒரு மணி நேரம் அசந்துவிட்டு எழுந்துகொள்கிறேன், அந்த ஒரு மணி நேரம் ஊர் ஆளுக்கொரு கம்பை எடுத்துத் தன் ஊரைத் தானே காத்துக்கொள்ளட்டும் என்றார். அழகுமலை எல்லாருக்கும் முன்னால் தலையாட்டினார்.

பஞ்சவர்ணம் மூன்று நாள் தூங்கினாள். நான்காம் நாள் காலையில் கண் விழிக்கும்போது வீட்டில் யாருமில்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் மூடி வைத்த தட்டில் முருங்கைக்காய்ச் சாம்பாரும் இட்லியும் இருந்தன. எங்கே இருக்கிறோம், என்ன கிழமை என்று புரியாமல் அப்படியே கிடந்தாள். அப்போது புளியமரத்து வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து, பஸ்ஸுக்கு முன்னால், அந்தச் சிரிப்பு வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. பஸ் வந்து நின்று, ஆள் இறங்கி, விசில் அடித்துக் கிளம்பும் வரை கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

இப்போதும் பங்குனி மூன்றாம் வெள்ளி உச்சிப்பொழுதில் கூடலாம்பட்டிக்குப் போனால் பார்க்கலாம். ஊர் மொத்தமும் கம்பும் கையுமாக எல்லையைச் சுற்றி நின்று, ஆடு மாடு போனால்கூட யார் எவர் என்று விசாரித்துக்கொண்டிருக்கும், அழகுமலை இடிந்த கொல்லைச் சுவர் பக்கம் முதல் ஆளாக நிற்பார். நடுவில் பந்தல் நிழலில் கருப்பன் அரிவாளைத் தலைக்கு வைத்துத் தூங்குவார். அவருக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாய் விரித்திருக்கும், அதில் பஞ்சவர்ணம் தூங்குவாள். அந்த ஒரு மணி நேரம் இருவரையும் எழுப்புவதற்கு ஊரில் யாருக்கும் தைரியம் கிடையாது.